லேப்டாப்பு டச் ஸ்கிரீன் செத்துப்போச்சு: ஆஃப் பண்ணிட்டு ஓட்டுறதா, மாத்துறதா, புதுசு வாங்குறதா?

குமுளில ஜூன் மாசம் மழை பிடிச்சுருச்சுன்னா கடைக்குள்ள இருக்கிற பில்லு புக்கு கூட நமத்த அப்பளம் மாதிரி ஆகிரும். நான் கம்பத்துல இருந்து தினமும் லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறி அங்க ஒரு ஏலக்காய் கடைக்கு கணக்கு எழுத போறவன். கடை லேப்டாப்பு 2019ல வாங்குனது, திருப்பி மடக்குனா டேப்லட் மாதிரி ஆகும்ல, அந்த டைப்பு. புற்றடிலயும் போடிலயும் நடக்கிற ஈ-ஏலத்துல அன்னைக்கு என்ன வெல போச்சுன்னு முதலாளி அதுலதான் தொட்டுத் தொட்டு பெருசாக்கி பாப்பாரு, கண்ணாடி போடச் சொன்னா போட மாட்டாரு.

போன வருஷம் ஒருநா காலைல பில்லு போட்டு கீழ வலது மூலைல இருக்கிற சேவ் பட்டனை அமுக்குறேன், அது பாட்டுக்கு சும்மா இருக்கு. விரல இடது பக்கம் வச்சா எல்லாம் வேலை செய்யுது, வலது ஓரத்துல மேல இருந்து கீழ வரைக்கும் ரெண்டு விரக்கடை அகலத்துக்கு மட்டும் உசுரு இல்ல. மத்தியானத்துக்குள்ள மொத்த ஸ்கிரீனும் போச்சு.

அன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள நாலு பேரு நாலு யோசனை சொன்னாக. முதலாளி "விடுப்பா, புதுசு ஒண்ணு வாங்கிருவோம்"னாரு (ரேட்டு கேட்டதுக்கு அப்புறம் அவரே பேச்சை மாத்திட்டாரு, அது வேற). கடைக்கு எதுத்தாப்புல கம்ப்யூட்டர் பாக்குற சேட்டன் தலைய நிமித்தாமலே "ஒண்ணு ரீஸ்டார்ட் செய்து நோக்கியோ"ன்னாரு. கம்பத்துல மொபைல் கடை வச்சிருக்கிற என் கூட்டாளி "கண்ணாடிய மட்டும் மாத்திரலாம் மாப்ள, நாலாயிரத்துல முடிச்சுத் தாரேன்"னான். மதுரைல கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு போன் போட்டா முழு டிஸ்ப்ளே மாத்தணும், பதினஞ்சாயிரத்துக்கு மேல ஆகும், கொண்டு வந்தாதான் சரியா சொல்ல முடியும்னாக. இந்த நாலுல எது யாருக்கு தோதுப்படும்னு நான் ரெண்டு மாசம் அலைஞ்சு தெரிஞ்சுக்கிட்டத எழுதுறேன், உங்களுக்காவது பஸ் காசு மிஞ்சட்டும்.

மொதல்ல சேட்டன் சொன்னது. அவரு அலட்சியமா சொன்ன மாதிரி இருந்தாலும் அதுல விஷயம் இருக்கு. விண்டோஸ் 8 வந்ததுல இருந்து நாம ஷட் டவுன் கொடுத்தா மிஷின் முழுசா அணையிறதில்ல, அடுத்த தடவ சீக்கிரம் எந்திரிக்கணும்னு பாதிய ஞாபகத்துல வச்சுக்கிட்டுதான் படுக்குது. அதனால நேத்து டிரைவர்ல (டச்ச விண்டோசோட பேச வைக்கிற சாப்ட்வேர்) வந்த கோளாறு இன்னைக்கும் அப்படியே வரும். ரீஸ்டார்ட் கொடுத்தாதான் எல்லாத்தையும் புதுசா ஏத்தும். நான் காலைல இருந்து நாலு தடவ ஷட் டவுன் போட்டு ஆன் பண்ணிட்டு "எல்லாம் பண்ணிட்டேன் சேட்டா"ன்னு சொல்லிக்கிட்டு இருந்தேன், அவரு சிரிச்சாரு.

ரீஸ்டார்ட்டுக்கும் மசியலைன்னா ஷிப்ட் கீய அமுக்கிக்கிட்டே ஷட் டவுன் கொடுங்க, அதுதான் முழு ஷட் டவுன். அப்புறம் சார்ஜர், மவுஸ், பென் டிரைவ் எல்லாத்தையும் உருவிட்டு பவர் பட்டனை ஒரு 30 செகண்ட் அமுக்கிப் பிடிச்சுட்டு ஆன் பண்ணுங்க. டச்சுக்குன்னு ஒரு தனி குட்டி சிப்பு இருக்கு, அது மயங்கிக் கிடந்தா இதுல முழிச்சுக்கும். எனக்கு மொத்த ஸ்கிரீனும் போனது இதுலயே திரும்ப வந்துருச்சு, நம்ப மாட்டீக, அஞ்சு பைசா செலவில்ல. அந்த வலது ஓரத்து பட்டை மட்டும் வரல.

இதுலயும் வரலைன்னா ஒரு மவுசை சொருகிக்கிட்டு, மிஷின்ல இருக்கிற பார்ட்டை எல்லாம் விண்டோஸ் பட்டியல் போட்டு காட்டுற டிவைஸ் மேனேஜர் போங்க. ஹியூமன் இன்டர்ஃபேஸ் டிவைசஸ்னு ஒரு தலைப்பு இருக்கும், அதுக்குள்ள ஹெச்ஐடி கம்ப்ளையன்ட் டச் ஸ்கிரீன்னு ஒரு வரி. அதுல ரைட் கிளிக் பண்ணி டிசேபிள் கொடுத்து திரும்ப எனேபிள் கொடுத்துப் பாருங்க. அசையலையா, அன்இன்ஸ்டால் பண்ணிட்டு ரீஸ்டார்ட் பண்ணுங்க, விண்டோஸே தேடி திரும்ப போட்டுக்கும். அந்த வரியே அங்க இல்லன்னா, இல்ல பக்கத்துல ஐ2சி ஹெச்ஐடி டிவைஸ்னு ஒண்ணு மஞ்சள் முக்கோணத்தோட நின்னு கோட் 10னு காட்டுச்சுன்னா, சிப்புக்கும் போர்டுக்கும் பேச்சுவார்த்தை நின்னுபோச்சுன்னு அர்த்தம். அதுக்கு கம்பெனி சைட்ல உங்க மாடலுக்குன்னு இருக்கிற டிரைவரும் பயாஸ் (மிஷின் எந்திரிக்கிறப்ப மொதல்ல ஓடுற சாப்ட்வேர்) அப்டேட்டும் போட்டுப் பாக்கலாம். ஆனா பயாஸ் பக்கம் போறதுக்கு முன்னாடி பிட்லாக்கர் (டிஸ்க்க பூட்டி வைக்கிற விண்டோஸ் வசதி) ரெக்கவரி கீய எடுத்து பேப்பர்ல எழுதி வச்சுக்கங்க, 48 இலக்கம், உங்க மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்லயே பெரும்பாலும் இருக்கும். பயாஸ் மாறுனதும் சில மிஷின் அந்த கீய கேட்டு வாசல்ல நிப்பாட்டிரும், அப்ப டச்சும் இல்ல டேட்டாவும் இல்லன்னு முழிக்க வேண்டியதுதான்.

சாப்ட்வேர் கோளாறா ஹார்டுவேர் கோளாறான்னு அடிச்சு சொல்றதுக்கு எனக்கு தெரிஞ்சு நல்ல வழி, ஒரு பென் டிரைவ்ல உபுண்டு (விண்டோசுக்குப் பதிலா ஓடுற இன்னொரு சிஸ்டம்) ஏத்தி, இன்ஸ்டால் பண்ணாம டிரை மட்டும் கொடுத்து திறந்து பாக்குறது. அங்க விரல் வேலை செஞ்சா விண்டோஸ்லதான் வம்பு, சர்வீஸ்காரன் கிட்ட கொண்டுபோக வேண்டியதே இல்ல. அங்கயும் அதே இடம் செத்துக் கிடந்தா கண்ணாடியோ கேபிளோ போயிருக்குன்னு கிட்டத்தட்ட முடிவு பண்ணிரலாம். நான் பாத்தேன், உபுண்டுலயும் அதே ரெண்டு விரக்கடை பட்டை செத்துத்தான் கிடந்துச்சு.

செத்த இடம் எப்படி இருக்குங்கிறதே பாதி கதைய சொல்லிரும். கண்ணாடிக்குள்ள கண்ணுக்குத் தெரியாத மெல்லிசு கோடு நெட்டுக்கும் குறுக்குக்கும் ஓடுது, பாவு நூலும் ஊடு நூலும் மாதிரி. நம்ம விரல் கிட்ட வந்ததும் அந்த இடத்துல மின்சாரம் பிடிச்சு வைக்கிற அளவு மாறும், அத வச்சுத்தான் எங்க தொட்டோம்னு கணக்கு போடுது. ஒரு கோடு அறுந்தா அந்த கோட்டு நேரம் முழுக்க பட்டையா போகும், அதுக்கு எந்த டிரைவரும் மருந்தில்ல. மொத்தமும் போனா சிப்பு, டிரைவர், கேபிள் மூணுல எதுவும் இருக்கலாம், மனச விட வேண்டாம். ஒரு ஆங்கிள்ல மடக்குனா வேலை செஞ்சு இன்னொரு ஆங்கிள்ல நின்னுபோச்சுன்னா கீல் வழியா போற கேபிள் நஞ்சு போயிருக்கு, மடக்குற டைப்புல இது சகஜம், கேபிள் மட்டும் மாத்துனா போதும், டிஸ்ப்ளே வெலையில கால்வாசி கூட வராது. அதனால எந்த கடைல கொடுத்தாலும் "மொதல்ல கேபிளை பாருங்கண்ணே"ன்னு சொல்லிட்டு கொடுங்க.

தொடாமயே தானா அமுங்குறது, அம்பு இங்கிட்டும் அங்கிட்டும் குதிக்கிறது வேற வியாதி. எங்க கடைலயே பில்லிங்குக்கு ஒரு டச் ஆல்-இன்-ஒன் (மானிட்டருக்குள்ளயே கம்ப்யூட்டர்) இருக்கு, அது சாயங்காலம் ஆனா பேய் பிடிச்ச மாதிரி தானா மெனு திறக்கும். யாரு என்னமோ வச்சுட்டாகன்னு கூட பேச்சு வந்துச்சு. கடைசில பாத்தா மூணு பின் பிளக்கை ரெண்டு பின் அடாப்டர்ல சொருகி வச்சிருக்காங்க, எர்த்தே இல்ல, இன்வர்ட்டர் வேற பழசு. எர்த் இருக்கிற பிளக் பாயிண்ட்டுக்கு மாத்துனதும் பேய் இறங்கிருச்சு. லேப்டாப்பா இருந்தா சார்ஜரை உருவிட்டு பேட்டரில ஓட்டிப் பாருங்க, அடங்குச்சுன்னா குத்தம் கரண்ட்ல. மழை ஈரம், ஈரக்கை, மேல ஒட்டுன தடிச்ச கண்ணாடி கார்டு, இதுங்களும் இதே சேட்டை பண்ணும். தொடைக்கிறப்ப அணைச்சுட்டு மெல்லிசு துணில லேசா ஈரம் பண்ணி துடைங்க, ஜன்னல் கண்ணாடிக்கு அடிக்கிற ஸ்பிரேய நேரா அடிக்காதீக. வெளி மானிட்டரோ டிவியோ மாட்டுனதுக்கு அப்புறம் இங்க தொட்டா அங்க அமுங்குதுன்னா அது கோளாறே இல்ல, கன்ட்ரோல் பேனல்ல டேப்லட் பிசி செட்டிங்ஸ்ல செட்டப் கொடுத்து எது டச் ஸ்கிரீன்னு காட்டிட்டா சரியாயிரும்.

இதெல்லாம் பாத்தும் ஹார்டுவேர்தான்னு ஆயிருச்சுன்னு வைங்க. இப்பதான் நெசமான ரோசனை.

டச்சை ஆஃப் பண்ணிட்டு மவுசோட ஓட்டுறது. சொன்னா சப்புன்னு இருக்கும், ஆனா பாதிப் பேருக்கு இதுதான் சரி. அதே டிவைஸ் மேனேஜர் வரில டிசேபிள் கொடுத்துட்டா முடிஞ்சது. கண்ணாடி கீறி தானா அமுங்குற கேசுக்கு இது உடனடி நிம்மதி, விரிசல் மேல அகல செல்லோடேப்ப ஒட்டிட்டா விரலயும் கிழிக்காது. எப்பவாவது ஒரு பெரிய அப்டேட் வந்து திரும்ப ஆன் பண்ணி விட்டுரும், மறுபடி போயி அணைக்கணும், அம்புட்டுதான். கீபோர்டே இல்லாத டேப்லட்டுக்கு மட்டும் இது ஒத்துவராது. இன்னொண்ணு, டேப்லட்டோட ஸ்கிரீன் ஓரம் லேசா தூக்கிட்டு நின்னாலோ லேப்டாப்பு அடிப்பக்கம் உப்பி டச்பேடு அமுங்காம இருந்தாலோ உள்ள பேட்டரி வீங்கியிருக்கு, அத ஆஃப் பண்ணி ஓட்டுறேன்னு வச்சுக்கிட்டு இருக்காதீக, சார்ஜ் போடுறதையே நிப்பாட்டிட்டு அன்னைக்கே கடைக்கு கொண்டு போங்க.

கண்ணாடி மட்டும் மாத்துறது. என் கூட்டாளி மனசு வருத்தப்படுவான், இருந்தாலும் சொல்றேன், லேப்டாப்புக்கு நான் இத சிபாரிசு பண்ண மாட்டேன். போன்ல நல்லா பண்ணுவான், அதுக்கு மிஷினும் பழக்கமும் இருக்கு. லேப்டாப்புல மேல் கண்ணாடியும் கீழ படம் காட்டுற பேனலும் பசை போட்டு ஒண்ணா ஒட்டியிருக்கும், 14 இஞ்ச் ஸ்கிரீனை சூடு காட்டி பிரிக்கிறப்ப பேனல் போறதுக்கு பாதிக்குப் பாதி வாய்ப்புன்னு அவனே ரெண்டாவது டீக்கு அப்புறம் ஒத்துக்கிட்டான். பிரிச்சு ஒட்டுனாலும் நடுவுல தூசி மாட்டும், எங்க கடைல காத்துலயே ஏலக்காய் சருகுத்தூள் பறக்குது, கேக்கவே வேண்டாம். அதுக்கு மேல, இப்ப வர்ற நிறைய லேப்டாப்புல டச்சு தனி கண்ணாடில இல்லவே இல்ல, பேனலுக்குள்ளயே இருக்கு. அந்த மாதிரி பேனலுக்கு பெரும்பாலும் 40 பின் கனெக்டர் வரும், டச் இல்லாத சாதா பேனலுக்கு பெரும்பாலும் 30 பின். உள்ளயே டச் இருக்கிற பேனலுக்கு கண்ணாடி மட்டும்னு ஒருத்தர் ரேட்டு சொன்னா அவரு உங்க மிஷினை திறந்தே பாக்கலைன்னு வச்சுக்கங்க.

ஒரு கிளை வழி இருக்கு, சில மாடலுக்கு டச் இல்லாத பேனலும் அதுக்கான கேபிளும் போட்டு டச்சே இல்லாத லேப்டாப்பா மாத்திரலாம், வெல கம்மி. படமும் போயி டச்சும் போனவுகளுக்கு இது தோது. படம் நல்லா தெரியிறப்ப இத எதுக்கு பண்ணணும், சும்மா டிசேபிள் பண்ணிட்டு போகலாமே.

முழு டிஸ்ப்ளே மாத்துறது. வேலைக்கு டச் கட்டாயம் வேணும், மிஷின் இன்னும் நாலஞ்சு வருஷம் ஓடும்னா இதுதான் ஒழுங்கான வழி. வாரன்ட்டி இருந்தா யோசிக்கவே வேண்டாம், நேரா கம்பெனி சென்டர். கண்ணாடில ஒரு விரிசல் விழுந்திருந்தா கூட வாரன்ட்டில பண்ண மாட்டாக, அதுக்குன்னு தனியா காசு கட்டி விபத்து பாதுகாப்பு எடுத்திருந்தாத்தான் உண்டு. கம்பம் குமுளி பக்கம் இருக்கிறவுகளுக்கு இதுல இன்னொரு செலவு இருக்கு, யாரும் கணக்குல சேக்க மாட்டாக. மதுரைக்கு விடிகாலை பஸ் ஏறி கொடுத்துட்டு வரணும், பார்ட்ஸ் வந்ததும் திரும்ப ஒருநா போகணும், ரெண்டு நாள் கூலி, சாப்பாடு, நடுவுல பத்து நாள் மிஷின் இல்லாம கணக்க நோட்டுல எழுதி திரும்ப ஏத்தணும். இந்தப் பக்கம் கோட்டயம் போனாலும் இதே கதைதான், வளைவுல தலை சுத்துறது கூடுதல். கொடுக்கிறதுக்கு முன்னாடி ஃபைலை எல்லாம் ஒரு ஹார்ட் டிஸ்க்ல எடுத்து வச்சுருங்க, சர்வீஸ்ல ஃபார்மேட் அடிச்சுட்டு "சொல்லிட்டுத்தான சார் வாங்குனோம்"னு பேப்பர காட்டுவாக, நான் ஒரு தடவ பட்டிருக்கேன். வெளிக்கடைல மாத்துனா பார்ட் நம்பர் என்ன, ஒரிஜினலா, மாத்துன பார்ட்டுக்கு எத்தனை மாசம் கேரண்டி, இந்த மூணையும் பில்லுல எழுதி வாங்குங்க. வாய்ல சொன்னது மலை இறங்குறதுக்குள்ள மறந்துரும்.

புதுசு வாங்குறது. இத வெலைய வச்சு முடிவு பண்றதுக்கு முன்னாடி மிஷினோட வயச பாருங்க. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் வழக்கமா கொடுத்த அப்டேட்டு 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சது. விண்டோஸ் 11 போகணும்னா இன்டெல் பிராசசர்ல பொதுவா எட்டாம் தலைமுறைல இருந்துதான் ஏத்துக்கும், டிபிஎம் 2.0ங்கிற பாதுகாப்பு வசதியும் வேணும். அதுக்கு முந்துன மிஷினுக்கு பன்னெண்டாயிரம் பதினஞ்சாயிரம் கொடுத்து டிஸ்ப்ளே போடுறது இடியப்போற வீட்டுக்கு டைல்ஸ் போடுற கதை. எங்க கடை லேப்டாப்பு எட்டாம் தலைமுறை, தப்பிச்சது. பழசையே இன்னைக்கு வித்தா என்ன கெடைக்கும்னு விசாரிங்க, ரிப்பேர் கூலி அதுல பாதிய தாண்டுச்சுன்னா நான் கைய எடுத்துருவேன். புதுசு வாங்குறப்பவும் டச் வேணுமான்னு ஒரு தடவ யோசிங்க, மேக்புக்குல எல்லாம் டச் ஸ்கிரீனே இல்ல, அத வச்சுக்கிட்டு உலகமே வேலை பாக்குது.

கடைசியா ஒரு வழி, இத எனக்கு யாரும் சொல்லல, எங்க மதினி கேசுலதான் புரிஞ்சது. மதினி கம்பத்துல பத்தாம் வகுப்பு பிள்ளைகளுக்கு ஆன்லைன்ல கணக்கு டியூஷன் எடுக்கிறாக. அவுக லேப்டாப்புல சின்னவன் கிரிக்கெட் பந்த போட்டு ஸ்கிரீன் மூலை கீறிருச்சு, படம் தெரியுது, டச் போச்சு. அவுகளுக்கு ஸ்கிரீன்ல எழுதியே ஆகணும், மவுசால வர்க்கமூலம் போட்டா கோழி கிண்டுன மாதிரி இருக்கு. டிஸ்ப்ளேக்கு பதினாலாயிரம் கேட்டாக. அதுக்குப் பதிலா யூஎஸ்பில சொருகுற பென் டேப்லட் ஒண்ணு, மூவாயிரத்து சொச்சம். பலகை மேசைல கிடக்கும், பேனாவால அதுல எழுதுனா எழுத்து ஸ்கிரீன்ல வரும், மொத ஒரு வாரம் கை ஒரு பக்கம் கண்ணு ஒரு பக்கம்னு தடுமாறுனாக, இப்ப பழைய டச்ச விட எழுத்து நல்லா வருதுங்கிறாக. உள்ளங்கை பட்டு கோடு இழுக்கிற தொல்லையும் இல்ல. எழுதுறதுக்கும் வரையிறதுக்கும் டச் தேடுறவுக டிஸ்ப்ளே ரேட்டு கேக்குறதுக்கு முன்னாடி இத ஒரு தடவ பாத்துருங்க.

எங்க கடை மிஷினுக்கு என்ன பண்ணேன்னு கேட்டீகன்னா, கேபிளை சேட்டன் கழட்டி மாட்டிப் பாத்தாரு, பட்டை அப்படியே இருந்துச்சு, கண்ணாடிதான்னு உறுதியாச்சு. முதலாளி புதுசுங்கிற பேச்சை மறந்துட்டாரு, டிஸ்ப்ளே பேச்சை நான் எடுக்கல. பில்லிங் ஜன்னலை முழுசா விரிக்காம வலது ஓரத்துல ரெண்டு விரக்கடை இடம் விட்டு சுருக்கி வச்சேன், சேவ் பட்டன் உசுருள்ள இடத்துக்கு வந்துருச்சு. மூணு மாசம் அப்படியே ஓடுச்சு. அப்புறம் அந்தப் பட்டை தானா அமுங்க ஆரம்பிச்சு, ஒருநா ஏலக்காய் 45 கிலோங்கிறது 455ன்னு விழுந்துருச்சு, நல்லவேளை வண்டி ஏத்துறதுக்கு முன்னாடி கண்ணுல பட்டுச்சு. அன்னைக்கே டிசேபிள் பண்ணிட்டு இருநூத்தி எம்பது ரூபாய்க்கு ஒரு மவுசு வாங்கி வச்சேன்.

முதலாளிக்குத்தான் இன்னும் பழகல. நேத்து கூட போடி வெலைய பெருசாக்குறதுக்கு ரெண்டு விரலையும் ஸ்கிரீன்ல வச்சு விரிக்கிறாரு, விரிக்கிறாரு, ஒண்ணும் நடக்கல, அப்புறம் என்னைய ஒரு பார்வை பாத்துட்டு மேசை டிராயர திறந்து கண்ணாடிய எடுத்து மாட்டிக்கிட்டாரு.